இருட்டுக்கு என்ன விலை?

கோபுரம் கட்டப் புகுந்த ஒருவனின் உவமை லூக்கா நற்செய்தியில் வருகிறது. செலவைக் கணக்கிடாமல் அடித்தளம் போட்டுவிட்டுப் பாதியில் பணமின்றி நின்றால், பார்ப்பவர் எல்லாம் நகைப்பார்கள் அல்லவா? மின்நிலையம் கட்டும் அரசுக்கும் இவ்வுவமை பொருந்தும். ஒரு பெரிய அனல் மின்நிலையத்துக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் வேண்டும். கட்டி முடிக்க ஆண்டுகள் பல ஆகும். கட்டிவிட்டாலோ, முப்பது நாற்பது ஆண்டுகள் அதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். எந்த வகை நிலையம், எத்தனை மெகாவாட், எந்த ஆண்டில் என்று முன்கூட்டியே கணக்கிடுவது ஒரு தனிக் கலை. இன்று அக்கணக்கைக் கணிப்பொறியில் மென்பொருள் கொண்டு போடுகிறார்கள். மிகக் குறைந்த மொத்தச் செலவில் நாட்டின் மின்தேவை முழுவதையும் நிறைவுசெய்யும் நிலையங்களின் கலவை எது என்பதே அம்மென்பொருள் விடையளிக்கும் வினா.

கணித மன்ற மாணவியராகிய நாங்கள் அக்கணக்கின் சிறு மாதிரி ஒன்றை நோட்டுப் புத்தகத்திலேயே போட்டுப் பார்த்தோம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் போடலாம். தோழியரே, காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். மெகாவாட் என்பது திறனின் அளவு. யூனிட் என்பது செலவாகும் மின்சாரத்தின் அளவு. திருமண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டா எவ்வளவு பெரியது என்பது மெகாவாட். நாள் முழுவதும் எத்தனை படி அரிசி வெந்தது என்பது யூனிட். முதற் பந்திக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தால் பெரிய அண்டா வேண்டும். அதே கூட்டம் நாள் முழுவதும் சிறுகச் சிறுக வந்தால் சிறிய அண்டாவே போதும். சோற்றையாவது ஆக்கி மூடி வைக்கலாம். மின்சாரத்தை அப்படிப் பெருமளவில் மூடி வைப்பது எளிதன்று. கேட்ட கணத்தில் கேட்ட அளவு உற்பத்தியாக வேண்டும். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2-ஆம் நாள் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தச் சில மணி நேரத்துக்காகவும் நிலையங்கள் தயாராக நிற்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

நம் மாநிலத்தின் மின்நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. 1932-இல் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்துக்கு எரிபொருள் செலவே இல்லை. ஆனால் மழை பொய்த்தால் அதுவும் பொய்க்கும். மேட்டூரில் தண்ணீரைத் திறப்பது டெல்டாப் பயிருக்காக. விளக்கு எரிய வேண்டிய நேரம் பார்த்து அணை திறப்பதில்லை. நமக்கு அருகிலுள்ள நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். இரவு பகல் ஒரே சீராக ஓடுவது அதன் இயல்பு. கல்பாக்கத்தில் 1984 முதல் ஓடும் அணுமின் நிலையமும் அத்தகையதே. காற்றாலைகளில் மட்டும் தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியிருக்கிறோம். ஆனால் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றை மார்கழியில் எதிர்பார்க்க முடியுமா? மே முதல் செப்டம்பர் வரைதான் அதன் ஆட்சி. சூரிய மின்சாரம் பகலோடு சரி. கரும்புச் சக்கையை எரித்து ஆலைகள் எடுக்கும் மின்சாரம் பெரிதும் அரவைக் காலத்துக்கு உரியது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகளை அருகே வைத்திருக்கும் நமக்கு அரவைக் காலம் எப்போது வரும், எப்போது முடியும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிச் செலவுக்கு வருவோம். எந்த நிலையத்துக்கும் செலவு இரு வகை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு ஒன்று: கட்டுமானக் கடன், வட்டி, ஊழியர் சம்பளம், பராமரிப்பு. இதை நிலைச் செலவு என்போம். ஓடும்போது மட்டும் ஆவது எரிபொருள் செலவு. பள்ளிக்கூடம் பேருந்து வாங்குவதும் வேன் வாடகைக்கு எடுப்பதும் போன்றது இது. ஆண்டுக்கொரு முறை கல்வராயன் மலைக்கு, மேகம் அருவி பார்க்கச் சுற்றுலா போவதற்காக எந்தப் பள்ளியும் பேருந்து வாங்குவதில்லை. கிலோமீட்டர் கணக்கில் வாடகை கூடுதல் என்றாலும் அன்று ஒரு நாள் வேன்தான் லாபம். நாள்தோறும் பிள்ளைகளை ஏற்றி வர வேண்டுமானால் சொந்தப் பேருந்துதான் லாபம். எத்தனை நாள் ஓடும் என்பது தெரியாமல் எது மலிவு என்று சொல்லவே முடியாது.

இப்போது கணக்கு. நம் வட்டாரத்தைப் போல ஒரு கற்பனை வட்டாரம். பகலில் அரிசி ஆலைகளும் ஜவ்வரிசி ஆலைகளும் ஓடுகின்றன. பகலிலும் இரவிலும் முறை வைத்துப் பம்புசெட்டுகள் ஓடுகின்றன. ஆக எப்போதும் 60 மெகாவாட் தேவை. மாலை 6 மணி முதல் 8 மணி வரை வீட்டு விளக்குகள், மின்விசிறிகள், மிக்ஸி, கிரைண்டர், தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து 100 மெகாவாட். அதாவது மேலே உள்ள 40 மெகாவாட் நாளுக்கு 2 மணி நேரம், ஆண்டுக்கு 730 மணி நேரம் மட்டுமே வேண்டும். கீழே உள்ள 60 மெகாவாட்டோ ஆண்டின் 8,760 மணி நேரமும் வேண்டும்.

நம்மிடம் இரண்டு வகை நிலையங்கள் உள்ளன. கரி நிலையத்தின் நிலைச் செலவு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு ரூ. 1.20 கோடி, எரிபொருள் யூனிட்டுக்கு ரூ. 2.50. எண்ணெய் எஞ்சின் நிலையத்தின் நிலைச் செலவு ரூ. 40 லட்சம்தான், ஆனால் எரிபொருள் யூனிட்டுக்கு ரூ. 10.50. இவை கணக்குக்காக நாங்கள் வைத்துக்கொண்ட எண்கள். எந்த நிலையத்தின் உண்மைக் கணக்கும் அல்ல.

எரிபொருள் விலையை மட்டும் பார்ப்பவர், ‘இரண்டரை ரூபாய் கரி இருக்க, பத்தரை ரூபாய் எண்ணெய் எதற்கு?’ என்று 100 மெகாவாட்டும் கரியில் கட்டச் சொல்வார். நிலைச் செலவு 120 கோடி. ஆண்டில் வேண்டிய மின்சாரம் 55 கோடியே 48 லட்சம் யூனிட்; அதற்குக் கரிச் செலவு 138.70 கோடி. மொத்தம் ரூ. 258.70 கோடி. கட்டும் செலவை மட்டும் பார்ப்பவர் எல்லாவற்றையும் எண்ணெயில் கட்டச் சொன்னால் மொத்தம் 622.54 கோடி ஆகிவிடும். 60 மெகாவாட் கரியும் 40 மெகாவாட் எண்ணெயும் கட்டிப் பாருங்கள். நிலைச் செலவு 72-உம் 16-உம் சேர்ந்து 88 கோடி. கரி 131.40 கோடி, எண்ணெய் 30.66 கோடி. கூட்டினால் ரூ. 250.06 கோடி. ஆண்டுக்கு 8 கோடியே 64 லட்சம் மிச்சம்! விலை உயர்ந்த எண்ணெயைச் சேர்த்ததால் மொத்தம் குறைந்தது. முதன்முறை கூட்டியபோது எங்களுக்கே நம்பிக்கை வராமல் மறுபடியும் கூட்டினோம்.

இதன் மர்மம் எளிது. கரி நிலையம் மெகாவாட்டுக்கு 80 லட்சம் அதிகமாக விழுங்குகிறது. ஓடும் ஒவ்வொரு மணி நேரத்திலும் 8,000 ரூபாய் மிச்சம் பிடித்துத் தருகிறது. 80 லட்சத்தை 8,000-ஆல் வகுத்தால் 1,000. ஆக, ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் ஓடும் மெகாவாட் கரியாக இருக்கட்டும். அதற்குக் குறைவாக ஓடுவது எண்ணெயாக இருக்கட்டும். எங்கள் மாலை நேரத் தேவை 730 மணிதான் அல்லவா?

இங்கே இருப்பது இரண்டே நிலையம், இரண்டே அளவு. மாநிலத்துக்கென்று போடும்போது நூற்றுக்கணக்கான நிலையங்கள், ஆண்டின் பல்லாயிரம் மணி நேரங்கள், அடுத்த இருபது ஆண்டுகள் என விரிகிறது. மேல்நிலை வகுப்பில் வணிகக் கணிதம் படிப்போர் நேரியல் திட்டமிடலை வரைபடத்தில் போட்டிருப்பீர்கள். நிபந்தனைக் கோடுகளை வரைந்து, அவை அடைக்கும் பரப்பின் மூலைகளில் எதில் செலவு குறைவு என்று தேடுவோமே, அதே முறைதான் இதுவும். நமக்கு அ, ஆ என்று இரண்டு மாறிகள். கணிப்பொறிக்கு லட்சக்கணக்கான மாறிகள். இம்முறையை மின்நிலைய முதலீட்டுக்குப் பயன்படுத்திக் காட்டியவர்கள் பிரான்ஸ் நாட்டு மின்வாரியத்தோடு தொடர்புடைய பியேர் மாஸே, ழிப்ரா ஆகிய இருவர். அவர்களது கட்டுரை 1957-இல் வெளிவந்தது. வியன்னாவிலுள்ள பன்னாட்டு அணுசக்தி முகமை 1970-களின் தொடக்கத்தில் ‘வாஸ்ப்’ என்னும் மென்பொருளை வளரும் நாடுகளுக்கு அளிக்கத் தொடங்கியது. ‘லீப்’ என்று மற்றொன்று உண்டு. அது பிறந்தது பெரிய மின்நிலையம் எதற்காகவும் அன்று. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கென்யா நாட்டின் விறகுத் தட்டுப்பாட்டை ஆராய்வதற்காக. தலையில் விறகுச் சுமையோடு நடக்கும் பெண்களின் கணக்கிலிருந்து ஒரு மென்பொருள் பிறந்தது என்று அறிந்தபோது எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. ‘ஒசெமோசிஸ்’ என்பது யாரும் விலையின்றி எடுத்து, உள்ளே எழுதியிருக்கும் சமன்பாடுகளையும் படித்துப் பார்க்கக்கூடிய மென்பொருள். நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி ஐந்தாண்டுக்கொரு முறை தேசிய மின்சாரத் திட்டம் வகுக்கும் பொறுப்பு மத்திய மின்சார ஆணையத்துக்கு உரியது. அதுவும் இத்தகைய மென்பொருள் கொண்டே வகுக்கிறது.

இனித்தான் பாடத்தின் கடினமான பகுதி.

மென்பொருளிடம் ‘குறைந்த செலவு எது?’ என்று மட்டும் கேட்டால், அது கூசாமல் ‘ஒன்றும் கட்டாதே’ என்று சொல்லும். கட்டாவிட்டால் செலவு பூச்சியம்தானே! ஆகவே தேவையை நிறைவுசெய்யாமல் விடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓர் அபராத விலையை நாம் எழுதிக் கொடுக்கிறோம். கொடுக்கப்படாத மின்சாரத்தின் விலை என்று நூல்களில் சொல்வார்கள். நாங்கள் எங்களுக்குள் ‘இருட்டின் விலை’ என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

எங்கள் வட்டாரத்தில் அந்த மாலை நேர 40 மெகாவாட்டை எண்ணெயில் கொடுக்க ஆகும் செலவு 16 கோடியும் 30.66 கோடியும் சேர்ந்து 46.66 கோடி. அது தரும் மின்சாரம் 2 கோடியே 92 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஏறத்தாழ 16 ரூபாய். இருட்டின் விலையை யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று எழுதினால், மென்பொருள் எண்ணெய் நிலையத்தைக் கட்டி விளக்கை எரிய விடும். அதே இடத்தில் 10 ரூபாய் என்று எழுதினால் என்ன ஆகும்? 46.66 கோடி செலவழிப்பதைவிட 29.20 கோடி அபராதம் மலிவு என்று கண்டு, 60 மெகாவாட் கரியோடு நிறுத்திக்கொள்ளும். மொத்தச் செலவு ரூ. 232.60 கோடி, முன்னதைவிடக் குறைவு! வட்டாரத்தில் நாள்தோறும் மாலை 6 முதல் 8 வரை, தேவையில் ஐந்தில் இரண்டு பங்கு இருட்டு. கணிப்பொறி தவறு ஏதும் செய்யவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொன்னது. அந்த அபராதத்தையும் எவரும் பணமாகக் கட்டப்போவதில்லை. மாலையில் பாடம் படிக்கும் பிள்ளையும், அடுப்படியில் நிற்கும் தாயும், மருத்துவமனையில் காத்திருப்பவரும் அதை வேறு வகையில் கட்டுகிறார்கள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சென்னை நீங்கலாகப் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தது. சென்னையிலோ இரண்டு மணி நேரம். காரணங்கள் பல. திட்டமிட்ட நிலையங்கள் உரிய ஆண்டில் வந்து சேரவில்லை. 1988-இல் ஒப்பந்தமான கூடங்குளத்தின் முதல் உலை 2013-இல்தான் மின்தொடரில் இணைந்தது. வடக்கிலிருந்து மின்சாரம் வாங்கலாம் என்றாலோ, தென்னக மின்தொடர் நாட்டின் மற்றத் தொடரோடு ஒரே அலைவரிசையில் இணைக்கப்பட்டது 2013 டிசம்பர் 31-ஆம் நாள்தான். எங்கள் அக்காமார் அந்த ஆண்டுகளில் பொதுத்தேர்வுக்குச் சிமினி விளக்கில் படித்த கதையை வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். மொத்த யூனிட் கணக்கில் பார்த்தால் சென்னையின் ஒரு யூனிட் இருட்டும் நம் ஊரின் ஒரு யூனிட் இருட்டும் ஒன்றே. மாநிலம் முழுவதையும் ஒரே புள்ளியாகக் கொள்ளும் மென்பொருள், இருட்டு எவ்வளவு என்று சொல்லும். யார் வீட்டில் என்று சொல்லாது.

ஆகவே விலையை மட்டும் நம்பாமல் ஒரு வரம்பையும் விதிக்கிறார்கள். நம் நாட்டுத் திட்டத்தில், தேவையை நிறைவுசெய்ய இயலாமற்போகும் வாய்ப்பு 0.2 விழுக்காட்டுக்கும், கொடுக்கப்படாத மின்சாரம் 0.05 விழுக்காட்டுக்கும் மேற்படக் கூடாது என்பது நெறி. 8,760 மணியில் 0.2 விழுக்காடு என்றால் ஆண்டுக்குப் பதினேழரை மணி நேரம். எங்கள் மலிவு விடையில் இருட்டு 730 மணி நேரம். கொடுக்கப்படாத மின்சாரம் 5.26 விழுக்காடு, அதாவது வரம்பைப்போல நூறு மடங்குக்கு மேல். இவ்வரம்பை நிபந்தனையாக எழுதினால், பத்து ரூபாய் விலையைச் சொல்லி மென்பொருளை ஏமாற்ற முடியாது.

நிலையம் பழுதாகும் நாளும் உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தை உடன் கொண்டுவந்த ஐந்து கன்னியரையும் கொண்டுவராத ஐந்து கன்னியரையும் மத்தேயு நற்செய்தியில் அறிவோம். மின்துறையில் அந்த மிகை எண்ணெய்க்கு இருப்புத் திறன் என்று பெயர். எங்கள் வட்டாரத்தில் 60 மெகாவாட் கரியும் ஒரே எந்திரமாக இருந்து அது நின்றுவிட்டால் வட்டாரமே இருண்டுவிடும். 20 மெகாவாட்டாக மூன்று கட்டி, நான்காவதாக ஒன்றை இருப்பில் வைத்தால் ஆண்டுக்கு 24 கோடி கூடும். எத்தனை கன்னியருக்கு எவ்வளவு எண்ணெய் என்பதையும் மனிதர்தான் முடிவு செய்கிறார்கள்.

சூரிய ஒளியைச் சேர்ப்போம். ஒரு மெகாவாட் சூரியப் பலகைக்கு ஆண்டுச் செலவு 35 லட்சம் என்றும், அது ஆண்டுக்கு 17 லட்சம் யூனிட் தரும் என்றும் வைத்துக்கொள்வோம். 20 மெகாவாட் நிறுவினால் செலவு 7 கோடி. பகலில் அவ்வளவு கரி மிச்சமாவதால் 8.50 கோடி லாபம். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி நிகர மிச்சம், மொத்தம் 248.56 கோடி. நல்லதுதான். ஆனால் கவனியுங்கள்: கரியிலோ எண்ணெயிலோ ஒரு மெகாவாட்கூடக் குறைக்க முடியவில்லை. மாலை 7 மணிக்குச் சூரியன் ஏது? பகல் மின்சாரத்தைச் சேமித்து மாலையில் கொடுத்தால்தான் எண்ணெய் எஞ்சின்களை விட்டுவிட முடியும். வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் 1987 முதல் அப்படி ஒன்று நடக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் ஆழியாறு மேல் அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். இன்று பெரிய மின்கலங்களும் வந்துவிட்டன. எங்கள் கணக்கில் 40 மெகாவாட்டை இரண்டு மணி நேரம் தரும் சேமிப்பின் ஆண்டுச் செலவு மெகாவாட்டுக்கு 95 லட்சத்துக்குக் குறைந்தால், எண்ணெயைக் கைவிட்டுச் சூரியனையும் சேமிப்பையும் கொள்வது மலிவு. ஆனால் ஐப்பசி அடைமழையில் ஐந்து நாள் மேகம் மூடினால்? ஆண்டுச் சராசரியை மட்டும் மென்பொருளுக்குக் கொடுத்தால் அந்த ஐந்து நாள் அதன் கண்ணில் படவே படாது.

பெரியவர்கள் போடும் கணக்கும் இப்படி அசைவதுதான். 2029-30-ஆம் ஆண்டுக்கு உகந்த கலவை எது என்று மத்திய மின்சார ஆணையம் 2020 ஜனவரியில் ஓர் அறிக்கை தந்தது. அதில் மின்கலச் சேமிப்பு 27,000 மெகாவாட். 2023 ஏப்ரலில் திருத்திய அறிக்கையில் அது 41,650 மெகாவாட். இதில் குறை காண ஒன்றுமில்லை. உள்ளே இடும் எண்கள் மாறினால் வெளியே வரும் விடையும் மாறத்தானே வேண்டும். வட்டி விகிதம் ஒன்றே போதும் விடையைப் புரட்ட. வட்டியை உயர்த்தி எழுதினால், இன்று பெரும்பணம் கேட்கும் அணையும் சூரியப் பலகையும் பின்தள்ளப்படும். நாளை நாளை என்று எண்ணெய் குடிக்கும் எஞ்சின் முன்னுக்கு வரும். புகைக்கு நாம் விலை எழுதாவிட்டால் புகையும் இலவசம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலை மறைக்கல்வி வகுப்பில் வாசித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கட்டாமலே கட்டும் மின்நிலையம் ஒன்றும் இருக்கிறது. 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால் 51 வாட் மிச்சம். எங்கள் வட்டாரத்தில் மாலையில் எரியும் பல்புகளில் 1,96,000-ஐ மாற்றினால் 10 மெகாவாட் எண்ணெய் நிலையம் தேவையில்லை. அதனால் ஆண்டுக்கு மிச்சமாவது 11.67 கோடி, பல்புக்கு ஆண்டுக்கு 595 ரூபாய்! நூறு ரூபாய் பல்பை அரசு வீடுவீடாக இலவசமாகக் கொடுத்தாலும் லாபம். மாலை நேரத்தில் ஓடும் பம்புசெட்டுகளைப் பகலுக்கு மாற்றினாலும் இதே பயன். அதற்குப் பல்புச் செலவும் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அமுல்யா ரெட்டியும் அவருடைய குழுவினரும் 1991-இல் கர்நாடக மாநிலத்துக்கு இவ்வகைக் கணக்கொன்றைப் போட்டுக் காட்டினார்கள். எத்தனை மெகாவாட் வேண்டும் என்று தொடங்காமல், மக்களுக்கு வெளிச்சமும் தண்ணீரும் சமையலும் எவ்வளவு வேண்டும் என்று தொடங்கினார்கள். அரசுத் திட்டம் கேட்ட மின்சாரத்தில் பாதிக்கும் குறைவே போதும் என்பது அவர்கள் கண்ட முடிவு. குழுவில் பெண் ஆய்வாளரும் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

இப்போது மலைக்கு ஏறுவோம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்து, அவ்வாண்டு அரசின் கைக்கு வந்தது. மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். வெள்ளிமலையைச் சுற்றி ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. மாநிலத் திட்ட மென்பொருளில் இவ்வூர்களின் தேவை கடைசித் தசமப் புள்ளியில்கூடத் தெரியாது. மேலும், 2004-இல் வகுத்த இலக்கணப்படி பொது இடங்களோடு பத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு இணைப்பு வந்தாலே அது மின்வசதி பெற்ற கிராமம். நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டதாக 2018 ஏப்ரலில் அறிவித்தபோதும் இதுவே அளவுகோல். மீதி ஒன்பது பங்கு வீட்டுக்கும் கணக்கு தனியே போட வேண்டும்.

அதையும் போட்டோம். முப்பது வீட்டுக் குக்கிராமம் ஒன்று, இருக்கும் மின்கம்பியிலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவில். கம்பி இழுக்கக் கிலோமீட்டருக்கு 8 லட்சம் என்றால் 64 லட்சம். வீட்டுக்கு வீடு சூரியப் பலகையும் மின்கலமும் வைக்க வீடொன்றுக்கு ஒரு லட்சம் என்றால் 30 லட்சம்தான். மூன்றேமுக்கால் கிலோமீட்டருக்கு அப்பால் சூரியனே மலிவு. கணக்கு முடிந்தது என்று நோட்டை மூடலாமா? வீட்டுக்கு இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் போதும் என்று நாம் வைத்துக்கொண்டதால் வந்த விடை இது. சாமையை உரலில் குத்தும் பெண்கள் உமி நீக்கும் எந்திரம் கேட்கிறார்கள், மரவள்ளி சீவ ஓர் எந்திரம் வேண்டும் என்கிறார்கள், பள்ளியில் கணிப்பொறி வைக்கிறார்கள் என்று தேவையை உயர்த்தி எழுதுங்கள். சூரியனின் செலவு 75 லட்சம் ஆனால் அதே 8 கிலோமீட்டருக்குக் கம்பியே மலிவாகிவிடும். தேவை என்ற கட்டத்தில் எதை எழுதுவது? அதை அந்த ஊரில் போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டும். மென்பொருளைக் கேட்டால் அது நம்மையே திருப்பிக் கேட்கும்.

தோழியருக்கு ஒரு வீட்டுக்கணக்கு. எங்கள் கற்பனை வட்டாரத்தில் மாலைத் தேவை இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாக 6 முதல் 10 வரை நான்கு மணி நேரம் நீடிக்கிறது. மற்ற எண்கள் எல்லாம் அப்படியே. மேல் 40 மெகாவாட்டை எந்த நிலையத்தில் கட்டுவீர்கள்? யூனிட்டுக்கு எத்தனை ரூபாய்க்குக் கீழே இருட்டின் விலையை எழுதினால் மென்பொருள் விளக்கை அணைத்துவிடும்? 1,000 மணி நேர எல்லையை நினைவில் வைத்துக்கொண்டு போடுங்கள். விடைகளைக் கணித மன்றப் பெட்டியில் இடலாம். வழிமுறையும் எழுதியிருக்க வேண்டும்.